வைரம் கடைந்த கண்ணாடி: நான் தவறவிட்ட இரண்டு இலக்கங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "நான் ஒண்ணுமே செய்யலை, அது தானாகவே இப்படி ஆயிடுச்சு." பைல் காணாமல் போனாலும் இதுதான். பிரிண்டர் பாதிப் பக்கத்தில் நின்றாலும் இதுதான். நான் சாப்ட்வேர் இன்ஜினியர் என்பதால், சொந்தக்காரர்களிடமிருந்து இப்படி ஒரு போன் வாரம் ஒன்றாவது எனக்கு வரும்.

அவர்களைப் பார்த்துச் சிரிக்கும் தகுதி எனக்கு இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் நானும் இதே வாக்கியத்தைச் சொன்னேன். அதனால் மூன்று விலை உயர்ந்த பொருட்கள் வீணாயின. தவறே செய்யாத ஒருவர் மீது பழியும் விழுந்தது. அந்தக் கதையைச் சொல்வதற்கு முன், அது நடந்த தொழில்நுட்பத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். அதன் பெயர் டயமண்ட் டர்னிங். தமிழில் வைரக் கடைசல் எனலாம்.

உங்கள் வீட்டில் இது எங்கே இருக்கிறது?

உங்கள் கையில் இருக்கும் ஆப்டிகல் மவுஸைத் திருப்பிப் பாருங்கள். அடியில் உள்ள சிறு துளைக்குள் ஒரு பிளாஸ்டிக் லென்ஸ் இருக்கும். லேப்டாப்பின் திரைக்கு மேலே உள்ள வெப் கேமராவில் லென்ஸ் உண்டு. மொபைல் கேமராவிலும் உண்டு. பழைய லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இருந்தால், அதன் தட்டை வெளியே இழுத்தால் தெரியும் சிறு கண் போன்ற பகுதியும் ஒரு லென்ஸ்தான்.

இந்த பிளாஸ்டிக் லென்ஸ்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துச் செய்வதில்லை. இட்லித் தட்டில் மாவு ஊற்றுவது போல, ஓர் அச்சுக்குள் உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தி வார்த்து எடுக்கிறார்கள். ஓர் அச்சிலிருந்து ஏராளமான லென்ஸ்கள் வரும். அச்சில் கீறல் இருந்தால் அத்தனை லென்ஸிலும் கீறல் இருக்கும். ஆகவே அச்சின் உட்பரப்பு கண்ணாடி போல வழவழப்பாக இருக்க வேண்டும். அந்தப் பரப்பை உருவாக்கும் முக்கிய வழிகளில் ஒன்றுதான் டயமண்ட் டர்னிங்.

லேசர் பிரிண்டருக்குள் பல பட்டைகள் கொண்ட சிறு கண்ணாடி ஒன்று வேகமாகச் சுழன்றுகொண்டே லேசர் கதிரை டிரம்மின் குறுக்கே வீசும். அது பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. அதன் பட்டைகளையும் வைர முனையால் சீவி எடுப்பது வழக்கம்.

இன்னொன்று உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கண்ணுக்குள் இருக்கலாம். கண்புரை ஆபரேஷனில் உள்ளே வைக்கும் செயற்கை லென்ஸைத்தான் சொல்கிறேன். மதுரையில் 1992-ல் தொடங்கப்பட்ட ஆரோலேப் நிறுவனம் இத்தகைய லென்ஸ்களைத் தயாரித்து வருகிறது. இந்த வகை லென்ஸ்களை வைர முனையால் லேத்தில் கடைந்து எடுப்பது உலகெங்கும் உள்ள ஒரு முறை.

லேத் தெரியும், இதில் என்ன புதுமை?

லேத் பட்டறையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இரும்புத் துண்டு ஒன்று சுழலும். கூர்மையான டூல் ஒன்று அதைத் தொட்டபடி நகரும். உலோகம் சுருள் சுருளாக உரிந்து விழும். பட்டறையில் சுழலும் துண்டை 'ஜாப்' என்பார்கள். டயமண்ட் டர்னிங் இயந்திரமும் அடிப்படையில் இதே லேத்தான். மூன்று விஷயங்களில்தான் மாறுபடுகிறது.

முதலாவது, டூலின் முனை. இங்கே ஒற்றைப் படிக வைரத்தைப் பயன்படுத்துகிறார்கள். வைரம் கடினமானது என்பது மட்டும் காரணமல்ல. மற்ற பொருட்களைவிட அதன் விளிம்பை மிக மிக மெல்லியதாகத் தீட்ட முடியும். அந்த விளிம்பால் வெட்டினால், பாலிஷ் போடாமலே உலோகத்தில் முகம் தெரியும்.

இரண்டாவது, சுழலும் பாகம். சாதாரண லேத்தில் ஸ்பிண்டில் இரும்பு பேரிங்குகளில் சுழலும். இங்கே அழுத்தப்பட்ட காற்றின் மெல்லிய படலத்தின் மீது மிதந்தபடி சுழலும். உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. டூலைத் தாங்கி நகரும் மேடையும் பொதுவாக எண்ணெய்ப் படலத்தின் மீதுதான் வழுக்கும்.

மூன்றாவது, அளவு. சாதாரணப் பட்டறையில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு நல்ல துல்லியம். இங்கே கணக்கு நானோமீட்டரில். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். டிவிடி டிரைவில் வரும் சிவப்பு லேசரின் அலைநீளம் 650 நானோமீட்டர். பரப்பில் உள்ள மேடு பள்ளம் அதைவிட மிகக் குறைவாக இருந்தால்தான் ஒளி சிதறாமல் செல்லும்.

எல்லா உலோகத்தையும் வைரத்தால் இப்படிக் கடைய முடியாது. அலுமினியம், தாமிரம், பித்தளை நன்றாக வரும். அக்ரிலிக் பிளாஸ்டிக்கும் வரும். ஆனால் இரும்பு வராது. வைரம் என்பது கார்பன். வெட்டும் சூட்டில் இரும்பு அந்தக் கார்பனைத் தன்னுள் இழுத்துக்கொள்வதால் வைர முனை சீக்கிரம் மழுங்கிவிடும். அதனால் லென்ஸ் அச்சுகளை எஃகில் செய்து, மேலே நிக்கல் பூச்சு ஏற்றி, அந்தப் பூச்சைத்தான் கடைகிறார்கள்.

ஒரு சிறு கணக்கு

டூலின் முனை ஊசி போல இருக்காது. சிறு வட்டத்தின் பகுதி போல வளைந்திருக்கும். அது நகரும்போது பரப்பில் மிகச் சிறிய வரப்புகள் விழும். அவற்றின் உயரத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஜாப் ஒரு சுற்றுச் சுற்றும்போது டூல் நகரும் தூரத்தை அதே எண்ணால் பெருக்குங்கள். வருவதை முனை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுங்கள்.

ஒரு சுற்றுக்கு 5 மைக்ரான் நகர்கிறது, முனை ஆரம் 1 மில்லிமீட்டர், அதாவது 1000 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். 25-ஐ 8000-ஆல் வகுத்தால் சுமார் 0.003 மைக்ரான். அதாவது சுமார் 3 நானோமீட்டர். நிமிடத்துக்கு 1000 சுற்று என்றால் டூல் நிமிடத்துக்கு 5 மில்லிமீட்டர் நகரும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள பரப்பின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வர ஐந்தே நிமிடம்!

காகிதத்தில் கணக்கு இவ்வளவு அழகாக இருக்கிறது. நிஜத்தில் அதை எட்டுவதுதான் கஷ்டம். அலுமினியம் ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால், மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரான் நீளும். 50 மில்லிமீட்டர் ஜாப் ஒன்று ஒரே டிகிரியில் 1 மைக்ரானுக்கு மேல் நீண்டுவிடும். அதாவது ஆயிரம் நானோமீட்டருக்கும் மேல். ஏசி அறையின் கதவைத் திறந்து வைத்தாலே போதும், வேலை கெட்டுவிடும்.

லிவர்மோர் சொன்ன பாடம்

இந்தத் துறையில் பெரிய பெயர் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம். 1980-களில் அங்கே பெரிய ஆப்டிக்ஸ் டயமண்ட் டர்னிங் இயந்திரம் ஒன்றைக் கட்டினார்கள். சுமார் 1.6 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியைக்கூட அதில் கடையலாம். வெட்டும் விசை இயந்திரத்தின் உடலைச் சிறிது வளைத்தாலும் அளவு தவறிவிடக் கூடாது என்பதற்காக, அளப்பதற்கென்றே தனிச் சட்டம் ஒன்றை வைத்தார்கள். வெப்பத்தில் மிகக் குறைவாகவே நீளும் சிறப்பு உலோகக் கலவையால் அதைச் செய்தார்கள். டூலின் இடத்தை லேசர் கதிர்களால் அளந்தார்கள்.

அந்த ஆய்வகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரையன் ஒரு கருத்தை வற்புறுத்தி வந்தார். இயந்திரம் செய்யும் பிழைகளில் தற்செயல் என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு பிழைக்கும் ஒரு காரணம் உண்டு. காரணத்தைக் கண்டுபிடித்தால் பிழையைக் கட்டுப்படுத்தலாம். 'ஏதோ ஆகிவிட்டது' என்பது காரணத்தைத் தேட மனமில்லாதவர் சொல்லும் பேச்சு. அவர் சொன்னதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். புரிந்துகொள்ளத்தான் தாமதமாகிவிட்டது.

இனி என் கதை

இன்ஜினியரிங் முடித்து நான் சேர்ந்த இரண்டாவது வேலை அது. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழிந்த அலுமினியக் கண்ணாடிகள் தேவைப்பட்டன. கண்ணாடியின் வடிவத்துக்கான சமன்பாட்டைக் கொடுத்தால், டூல் செல்ல வேண்டிய புள்ளிகளைக் கணக்கிட்டு ஒரு பைலாக எழுதித் தரும் புரோகிராமை நான் எழுத வேண்டும். இயந்திரம் அந்தப் பைலை வரி வரியாகப் படித்து டூலை நகர்த்தும்.

முதல் ஜாப் வந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்று இருந்தது. விளக்குக்கு அடியில் சாய்த்துப் பார்த்தால் நடுவில் வளையம் வளையமாகத் தெரிந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. மூன்றும் ஸ்கிராப்.

மேனேஜர் என்னைக் கேட்டார். நான் என் கம்ப்யூட்டரில் சிமுலேஷனைப் போட்டுக் காட்டினேன். வளைகோடு வழவழவென்று வந்தது. "புரோகிராமில் தப்பே இல்லை சார். மெஷின்லதான் ஏதோ ஆகுது" என்றேன். மெஷின் என்றால் அடுத்த சந்தேகம் அதை ஓட்டுபவர் மீதுதானே? ஆபரேட்டர் வேலை நடுவில் கதவைத் திறந்திருப்பார், அறையின் சூடு மாறியிருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மேலே சொன்ன கணக்கின்படி அது நடக்கக்கூடியதுதான். அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. அவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள்.

அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சாதாரண லேத்தில் தொடங்கி இந்த இயந்திரம் வரை வந்தவர். கோபப்படவில்லை. அன்று மாலை ஷிப்ட் முடிந்தும் போகாமல் ஒரு பழைய அலுமினியத் துண்டை மாட்டினார். என் பைலைத் தொடாமல், தானே கன்ட்ரோலரில் நான்கைந்து வரி அடித்து, தட்டையான பரப்பு ஒன்றைக் கடைந்தார். அதே வைர முனை, அதே அறை, அதே வேகம். துண்டை என்னிடம் நீட்டினார். ஒரு வளையம்கூட இல்லை. என் முகம்தான் தெரிந்தது.

"டூல் நல்லா இருக்கு தம்பி. ரூமும் நல்லா இருக்கு. இப்ப அந்த மூணு ஜாப்பையும் லென்ஸ் வச்சுப் பாரு. அதிர்வா இருந்தா வளையத்துக்கு நடுவுல இடைவெளி ஒரே சீரா இருக்கணும். இது நடுவுல அகலமா இருக்கு. ஓரத்துக்குப் போகப் போக நெருங்குது. மூணுலயும் அதே இடத்துல இருக்கு. கதவைத் திறந்தா மூணு தடவையும் ஒரே மாதிரி வருமா?"

"நீங்க என்ன அண்ணே சொல்றீங்க?"

"எனக்கு கம்ப்யூட்டர் தெரியாது. இது கணக்குல இருக்குன்னு மட்டும் தெரியும்."

அன்றிரவு முதல்முறையாக, சிமுலேஷனைப் பார்க்காமல், இயந்திரத்துக்குப் போன பைலை நோட்பேடில் திறந்து பார்த்தேன். நடுப்பகுதியின் ஆழம் வரும் வரிகளில் 0.0002, 0.0002, 0.0001, 0.0001, 0.0001, 0.0000, 0.0000 என்று இருந்தது. என்ன நடந்தது என்று அந்த நொடியே புரிந்துவிட்டது.

என் புரோகிராம் உள்ளுக்குள் சுமார் 15 இலக்கத் துல்லியத்தில் சரியாகத்தான் கணக்கிட்டது. பைலில் எழுதும்போது மட்டும் தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கத்தோடு நிறுத்திவிட்டது. பழைய சிஎன்சி லேத்துக்காக எழுதிய புரோகிராம் ஒன்றிலிருந்து அந்த ஒரு வரியை நான் காப்பி செய்திருந்தேன். சாதாரண லேத்துக்கு நான்கு இலக்கமே அதிகம். இங்கே நான்காவது இலக்கம் என்பது 100 நானோமீட்டர். ஆகவே டூல் சரிவாக இறங்காமல், 100 நானோமீட்டர் உயரமுள்ள படிக்கட்டில் இறங்கியிருக்கிறது. நடுவில் சரிவு குறைவு என்பதால் படிகள் அகலம். ஓரத்தில் சரிவு அதிகம் என்பதால் படிகள் நெருக்கம். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொன்னது அப்படியே பைலில் இருந்தது.

சிமுலேஷன் ஏன் நன்றாக வந்தது? அது பைலைப் படிக்கவில்லை. நினைவகத்தில் இருந்த முழு எண்களை வைத்தே படம் வரைந்தது. நான் சோதித்தது ஒன்று, இயந்திரத்துக்கு அனுப்பியது வேறு.

மறுநாள் காலை மேனேஜரிடம் போய்த் தவறு என்னுடையது என்று சொன்னேன். நான்கை ஆறாக மாற்றினேன். மாற்றியது ஒரே ஓர் எழுத்து. நான்காவது ஜாப் விளக்கடியில் சுத்தமாக வந்தது. ஆபரேட்டரிடம் கேட்ட விளக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு, இனிமே பைலைப் பாத்துட்டு அனுப்பு" என்று மட்டும் சொன்னார். இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன்.

நீங்களே எக்ஸெலில் செய்து பாருங்கள்

இதைப் பார்க்க டயமண்ட் டர்னிங் இயந்திரம் தேவையில்லை. எக்ஸெல் இருந்தால் போதும்.

1. ஏ2 செல்லில் 0 என டைப் செய்யுங்கள். ஏ3-ல் 0.05, ஏ4-ல் 0.1 என்று 0.05 கூட்டிக்கொண்டே 2 வரை இறங்குங்கள். முதல் இரண்டு எண்களைத் தேர்ந்தெடுத்து, மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் கீழே இழுத்தால் மற்றவை தானாக வரும். இது மில்லிமீட்டரில், நடுவிலிருந்து உள்ள தூரம்.

2. பி2 செல்லில் சமக்குறி போட்டு, ஏ2 பெருக்கல் ஏ2 வகுத்தல் 400 என்ற பார்முலாவைக் கொடுங்கள். பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி, வகுத்தலுக்குச் சாய்கோடு. இது கண்ணாடியின் சரியான வளைவு. செல்லில் ஈ என்ற ஆங்கில எழுத்துடன் எண் வந்தால் பயப்பட வேண்டாம். மிகச் சிறிய எண்களை எக்ஸெல் அப்படித்தான் காட்டும்.

3. சி2 செல்லில் ரவுண்ட் பங்ஷனைப் போட்டு, பி2-ஐ 4 தசம இலக்கத்துக்குச் சுருக்குங்கள்.

4. டி2 செல்லில் சி2-லிருந்து பி2-ஐக் கழித்து, 1000000-ஆல் பெருக்குங்கள். இது நானோமீட்டரில் பிழை. மூன்று பார்முலாக்களையும் கடைசி வரி வரை கீழே இழுங்கள்.

தூரம் 0.1 உள்ள வரியில் பிழை -25 என வரும். அடுத்த வரியிலேயே +43.75 என்று தாவும். ஏ, டி வரிசைகளைத் தேர்ந்தெடுத்து சார்ட் போட்டால், என் மூன்று ஜாப்பையும் கெடுத்த மேடு பள்ளங்களை உங்கள் திரையிலேயே பார்க்கலாம். இப்போது ரவுண்டில் உள்ள 4-ஐ 6 ஆக்குங்கள். பிழை ஒரு நானோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எக்ஸெலில் தசம இலக்கங்களைக் குறைக்கும் பட்டனை அழுத்தினால் காட்சி மட்டுமே மாறும். செல்லுக்குள் முழு எண் பத்திரமாக இருக்கும். ஆனால் அதே ஷீட்டை சிஎஸ்வி பைலாக சேவ் செய்தால், திரையில் தெரியும் எண்தான் பைலுக்குள் போகும். மறைந்திருந்த இலக்கங்கள் போனது போனதுதான். வீட்டுக் கணக்கோ மதிப்பெண் பட்டியலோ, சிஎஸ்வியாக மாற்றும் முன் இலக்கங்களை முழுமையாகக் காட்டச் செய்யுங்கள். மாற்றிய பின் பைலை நோட்பேடில் திறந்து ஒருமுறை பாருங்கள்.

அடுத்த முறை கம்ப்யூட்டர் தகராறு செய்தால்

அந்த ஆபரேட்டர் செய்ததை நீங்களும் செய்யலாம். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். பிரிண்டர் சரியாக அச்சடிக்கவில்லையா? அதே பிரிண்டரில் வேறு ஒரு பைலை அச்சடியுங்கள். அது நன்றாக வந்தால் பிரிண்டரிடம் குறையில்லை, முதல் பைலிடம்தான். இரண்டும் கெட்டால் கேபிளை மாற்றிப் பாருங்கள். மவுஸ் தாவுகிறதா? அதே மவுஸை ஒரு வெள்ளைத் தாளின் மீது வைத்து நகர்த்திப் பாருங்கள். பளபளக்கும் மேஜைதான் காரணமாக இருக்கலாம்.

தவறு ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருகிறதா, எப்போதாவது வருகிறதா என்று கவனியுங்கள். வந்த எர்ரர் செய்தியை அப்படியே எழுதி வையுங்கள். சரிசெய்ய வருபவருக்கு உங்கள் ஊகத்தைவிட அந்தக் குறிப்பு அதிகம் உதவும்.

முக்கியமாக, காரணம் தெரிவதற்கு முன் வீட்டில் யார் மீதும் பழி போட வேண்டாம். கடைசியாகக் கம்ப்யூட்டரைத் தொட்டவர்தான் கெடுத்தவர் என்பது எல்லா வீடுகளிலும் உள்ள சட்டம். எங்கள் அலுவலகத்திலும் அதுதான் சட்டமாக இருந்தது. கடைசியாகத் தொட்டவர் அந்த ஆபரேட்டர். கெடுத்தவன் நான்.